எழுத்து மஞ்சளாகும் வரை

நான் கணித ரீச்சர். பிள்ளைகளுக்கு அரைப் புள்ளிகூடச் சும்மா கொடுத்தறியாதவள். விடை சரியாக இருந்தாலும் செய்கை வழி எழுதாவிட்டால் சிவப்புக் கோடு இழுப்பேன். பள்ளிக்கூடத்தில் எனக்கொரு பட்டப்பெயர் இருப்பது தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். அப்படிப்பட்ட நான், ஒரு பாட்டுப் பெட்டி எனக்குத் தொண்ணூற்றாறு புள்ளி போட்டபோது, செய்கை வழி கேட்காமலே நம்பிவிட்டேன்.

பெட்டி, மகன் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. அடியில் சில்லுப் பூட்டி, இடுப்பளவு உயரத்தில், முகத்தில் நிறம் நிறமாக லைற் சுழலும் கரோக்கிப் பெட்டி. சிவப்பில் ஒரு மைக், நீலத்தில் ஒரு மைக். ரீவியோடு இணைத்தால் பாடகரின் குரல் இல்லாமல் இசை மட்டும் வரும். பாட்டின் சொற்கள் திரையின் அடியில் வெள்ளையாக வந்து நிற்கும். எந்தச் சொல்லை எப்போது பாட வேண்டுமோ அப்போது அந்தச் சொல் மஞ்சளாகும். மஞ்சள் ஓட ஓட நாமும் பின்னால் ஓட வேண்டும். முடிந்ததும் பெட்டி தானே கைதட்டிப் புள்ளி சொல்லும். தகப்பன் கிரிக்கெட் பார்க்க நல்ல சத்தமாக இருக்கட்டும் என்றுதான் மகன் அதைக் கொண்டுவந்தான். அவன் திரும்பிப் போவதற்குள் அது என் கைக்கு வந்துவிட்டது.

பெட்டியில் இரண்டு விஷயங்கள் என்னைக் கெடுத்தன. ஒன்று, எக்கோ குமிழ். அதை முழுக்கத் திருகிவிட்டால் நான் இருமினாலும் அது கோபுர வாசலில் யாரோ இருமியது போலக் கேட்கும். மற்றது, சுருதியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான். எந்தப் பாட்டாக இருந்தாலும் அதை அமத்தி மைனஸ் நாலில் விட்டால் என் தொண்டைக்கு இறங்கி வந்துவிடும். மலை இறங்கி வருகிறபோது நாங்கள் ஏன் ஏற வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மச்சாள் வருவாள். என் கணவரின் தங்கை, பக்கத்து வளவு. அவளுக்கு நீல மைக். ஆண் குரலும் பெண் குரலுமாகப் பாடும் பாட்டென்றால் ஆண் பகுதி எப்போதும் அவளுக்குத்தான். கதாநாயகியின் இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஐம்பத்துமூன்று வயதில், முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, மழையில் நனையும் பெண்ணாகப் பாடுவேன். எங்கள் ஒழுங்கை உட்துறைமுகத்தின் பக்கம் இறங்கும். சில நாட்களில் பாட்டின் நடுவே கப்பல் ஊதும். "அண்ணி, கப்பல்தான் சுருதியோட நிக்குது" என்பாள் மச்சாள். அவளை மன்னித்துவிடுவேன், அவளை விட்டால் ஆண் குரலுக்கு ஆளில்லை.

மன்னிக்க முடியாத ஆள், கணவர். துறைமுகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிற்பார். ரீவிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். தலையும் தெரியாது. இரண்டு கைகளும் நான்கு பக்கப் பேப்பரும்தான் தெரியும். அதோடு நின்றால் பரவாயில்லை. நான் பாட வாயெடுக்கிற நேரம் பார்த்து அந்தப் பேப்பர் கீழே இறங்கும். மேலே இரண்டு கண்கள், கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்க்கும். நான் பாடத் தொடங்கியதும் பேப்பர் திரும்ப ஏறிவிடும். இடையிசை முடிந்து அடுத்த அடி எடுக்கிற நேரம் திரும்பவும் இறங்கும்.

"என்ன பார்வை?" என்று ஒருநாள் மைக்கிலேயே கேட்டேன். எக்கோ முழுக்க இருந்ததால் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"ஒண்டுமில்லை. நீர் பாடும்."

"பிடிக்காட்டி எழும்பிப் போங்கோவன். ஏன் இருந்து முறைக்கிறியள்?"

"முறைக்கேல்லை. பேப்பர் பாக்கிறன்."

இப்படி எத்தனையோ ஞாயிறு. மனிசன் எழும்பிப் போகவும் மாட்டார், பார்ப்பதை விடவும் மாட்டார். ஒருமுறை நான் குசினியில் நின்றபோது சிவப்பு மைக்கைக் காற்றாடிக்குக் கிட்டே பிடித்து ஒரு பாட்டை ஓடவிட்டிருக்கிறார். காற்றாடிக்குத் தொண்ணூற்றெட்டு. தேத்தண்ணி குடிக்கும்போது வலு சாதாரணமாக அதைச் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாட்கள் நான் அவரோடு கதைக்கவில்லை. காற்றாடியையும் போடவில்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால் என் ஆசை அந்தப் பெட்டியோடு நிற்கிற ஆசை இல்லை. பாட்டோடு போகிற மேடை நாடகம் என்றால் எனக்குப் பைத்தியம். ஊரில் எங்கே போட்டாலும் முன்வரிசையில் போய் இருப்பேன். வாய்ச்சண்டை முற்றி, இனிச் சொல்ல வசனம் இல்லை என்ற இடத்தில் ஒருத்தி பேச்சை நிறுத்துவாள். ஆர்மோனியம் தொடங்கும். மண்டபம் மூச்சு விடாமல் இருக்கும். அவள் பாட்டெடுப்பாள். சந்தையில் மீன்காரரோடு சண்டை பிடிக்கும்போதெல்லாம் நான் நினைப்பேன், இந்த இடத்தில் ஓர் ஆர்மோனியம் மட்டும் இருந்தால் நானும் பாட்டெடுத்து வென்றிருப்பேன் என்று. வாழ்க்கையில் ஒருமுறை, ஒரேயொருமுறை, மண்டபம் மூச்சு விடாமல் இருக்க நான் பாட்டெடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதற்காக நான் ஏங்கினேன்.

அதனால்தான் பெட்டி வந்த புதிதில், மகன் திரும்பிப் போகிற கிழமை, வந்திருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்னால் பாடத் துணிந்தேன். முன்னிசை முடிந்தது, எழுத்து மஞ்சளாக ஓடியது, என் கண் மட்டும் மாமியார் வீட்டுச் சனத்தின் முகங்களில் நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது முதலடி முழுக்கப் போய்விட்டது. ஆரோ சிரித்தார்கள். நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குப் போய், கழுவி அடுக்கியிருந்த கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். கழுவிக்கொண்டே அழுதேன். கணவர் வந்து வாசலில் நின்று "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

இப்படியான ஆளுக்கு வாய்ப்பும் வந்தது. கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு தம்பி. வங்கியில் வேலை, பின்னேரங்களில் நாடகம். குறிஞ்சாக்கேணியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் பெடியன், பெட்டைகளைச் சேர்த்து ஒரு பாட்டு நாடகம் எழுதியிருந்தார். எங்கள் ஊர் ரோட்டில் திரியும் மான்கள் எல்லாம் கூடி, மேய்கிற நிலத்தைச் சனம் பிடித்துவிட்டது என்று வழக்குப் போடுகின்றன. அதுதான் கதை. பெரியவர்கள் வேடத்துக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, மச்சாளையும் இழுத்துக்கொண்டு போனேன். பெண் வழக்கறிஞர் ஒருத்தி இருக்கிறாள், நல்ல பாட்டு அவளுக்கு என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன்.

தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரீச்சர், உங்களுக்குத் தலைவர் மான்."

இளமையில் ஒருத்தர்கூட என் கண்ணை மானுக்கு ஒப்பிட்டுச் சொன்னதில்லை. ஐம்பத்துமூன்று வயதில் முழு மானாகவே ஆக்கிவிட்டார்கள். அதுவும் கொம்பு வைத்த மான்.

"தம்பி, பெண்மானுக்குக் கொம்பில்லை."

"கொம்பு இல்லாட்டிச் சனம் ஆடெண்டு நினைச்சிடும் ரீச்சர்."

மச்சாளுக்குக் குட்டி மான். நாற்பத்தெட்டு வயதுக் குட்டி. ஆனால் தலைவர் மானுக்கு ஒரு முழுப் பாட்டு இருந்தது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் கத்தி ஓய்ந்த பிறகு, மான் பேச்சை நிறுத்திப் பாட்டெடுக்கும். நான் கொம்புக்குச் சம்மதித்தேன்.

முதல் ஒத்திகையில் ஆர்மோனியக்காரர் மரியாதையாகக் கேட்டார். "ரீச்சருக்கு என்ன கட்டை?"

பாடுகிற சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் கட்டை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "மைனஸ் நாலு."

அவர் கொஞ்ச நேரம் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ ஒன்றைப் பிடித்தார். அவர் நல்ல மனிதர்.

அதைவிடப் பெரிய கூத்து அதற்குப் பிறகுதான். முன்னிசை வாசித்தார்கள். முடிந்தது. நான் நின்றேன். திரும்ப வாசித்தார்கள். நின்றேன்.

"ரீச்சர், எடுங்க."

"எங்க எடுக்கிறது?"

"மியூசிக் முடிய எடுங்க. கேட்டாத் தெரியுமே."

எனக்குத் தெரியவில்லை. சொற்கள் மனப்பாடம், மெட்டு மனப்பாடம். எப்போது வாய் திறப்பது என்பதுதான் தெரியவில்லை. அந்த வேலையை இரண்டு வருடமாக ஒரு மஞ்சள் நிறம் செய்து தந்திருக்கிறது. மண்டபத்தின் பின்சுவரை என் கண் தேடியது, அங்கே எழுத்து ஏதும் வருமா என்று. அங்கே ஒரு பல்லி நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தபேலாக்காரர் பிந்துகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். தபேலாக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

வழி கண்டுபிடித்தவள் மச்சாள். குட்டி மான் எப்படியும் தாயோடு ஒட்டி நிற்கிறதுதானே. நான் எடுக்க வேண்டிய இடத்தில் இடுப்பில் ஒரு கிள்ளுக் கிள்ளுவாள். கிள்ளினால் நான் பாடுவேன். ஒத்திகை முழுக்க அப்படியே போனது. இடுப்பின் இடப்பக்கம் கறுத்துவிட்டது. பாட்டில் மட்டும் பிழை வரவில்லை. "ரீச்சர் நேரத்துக்கு எடுக்கிறீங்க, மாஷா அல்லாஹ்" என்றார் தம்பி. நான் தலையைக் குனிந்து அடக்கமாக ஏற்றுக்கொண்டேன்.

இதை நான் யாருக்குச் சொல்லவில்லை? தம்பலகாமத்தில் வயல் செய்கிற என் அண்ணன் குடும்பத்துக்குச் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் சொன்னேன், மீன்காரருக்கும் சொன்னேன். அண்ணன் வாடகைக்கு வான் பிடித்துச் சனத்தோடு வருவதாகச் சொன்னார். நாடகம் பின்னேரம் நாலு மணிக்கு. எங்கள் ஊர் நாலு மணி என்றால் ஐந்தரை. என் பாட்டோ கடைசிக்கு முதல் காட்சியில். அன்று மண்டபத்துக்கு வந்த அண்ணன், கொம்பு கட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, குறை நினைக்காதை. பொழுதுபட்டா யானை ரோட்டுக்கு வந்திடும். நாங்கள் வேளைக்கு வெளிக்கிடவேணும்."

யானைக்காக மானை விட்டுவிட்டுப் போகிற குடும்பம்! நேரே தம்பியிடம் போனேன். கெஞ்சினேனா, அதட்டினேனா என்று சொல்ல ஏலாது. இரண்டும் எனக்கு ஒரே குரலில்தான் வரும். பாவம், அவர் சம்மதித்துவிட்டார். என் பாட்டு வருகிற நீதிமன்றக் காட்சியே முதற் காட்சியானது. நுணலும் தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

மேடைக்கு ஏறின பிறகுதான் இடப்பக்கம் வெறுமையாக இருப்பது தெரிந்தது. மச்சாள் இன்னும் உடுப்பு மாற்றும் அறையில் இருந்தாள். பாட்டு முன்னால் வந்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வெற்றியில் அது மறந்துவிட்டது. வாலை ஊசியால் குத்திக்கொண்டு நின்றாளாம்.

வழக்கறிஞர்கள் கத்தி ஓய்ந்தார்கள். மான் பேச்சை நிறுத்தியது. ஆர்மோனியம் தொடங்கியது. நான் ஆசைப்பட்டபடியே மண்டபம் மூச்சு விடாமல் இருந்தது.

முன்னிசை முடிந்தது. கிள்ளு வரவில்லை.

ஆர்மோனியக்காரர் நல்ல மனிதர் என்று சொன்னேனே, திரும்ப முதலிலிருந்து வாசித்தார். அவர் பக்கவாட்டில் இருந்து தலையாட்டிக் காட்டியிருக்கிறார். என்னால் திரும்ப ஏலாது. கொம்பு மட்டையாலும் கம்பியாலும் செய்தது, தலையைத் திருப்பினால் முழுக் கொம்பும் ஒரு பக்கம் சாயும். நேரே மட்டும்தான் பார்க்கலாம். நேரே சனம். முதலாவது வரிசையில் அண்ணனும் வானில் வந்த ஆட்களும். பின்னால் என் வகுப்புப் பிள்ளைகள், நான் சிவப்புக் கோடு இழுத்த அத்தனை பேரும். ஒருத்தன் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கியிருந்தான். முழங்காலுக்கு எண்ணெய்கூடப் பூசாமல் வந்திருந்தேன். இப்படியே உள்ளே போய்விடலாம், தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். கேட்கிறவர்களுக்கு மான் ஏன் தேத்தண்ணி போடுகிறது என்று விளங்காது.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் அந்தத் தாளைக் கண்டேன்.

வாசலில் கொடுத்த நிகழ்ச்சித்தாள். மற்றவர்கள் எல்லோரும் அதனால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் மட்டும் அதை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகள், ஒரு தாள். அந்த அரையிருட்டில் அதில் வாசிக்க என்ன இருக்கிறது? மனிசனுக்கு என்னைப் பார்க்க வெட்கம், முகத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன்.

முன்னிசை மூன்றாம் தரம் முடியும் இடம் வந்தது. தாள் கீழே இறங்கியது.

மேலே இரண்டு கண்கள். கண்ணாடிக்கு மேலால். எத்தனையோ ஞாயிறு நான் சண்டை பிடித்த அதே பார்வை. நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

நன்றாகப் பாடினேன் என்று சொல்ல மாட்டேன். எக்கோ இல்லாத என் குரல் காய்ந்த துணி போல இருந்தது. இரண்டாம் அடியில் சுருதி என்னைவிட்டு நிலாவெளிக்குப் போய்த் திரும்பி வந்தது. ஆனால் நேரத்துக்கு எடுத்தேன். முதலடி முடிய அந்தத் தாள் திரும்ப ஏறியது. இடையிசை முடிகிற இடத்தில் இறங்கியது. நான் எடுத்தேன். ஏறியது, இறங்கியது, எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் இந்த ஆளுக்குப் பித்து என்று நினைத்துத் தன் கதிரையைத் தள்ளிப் போட்டதையும் கண்டேன். கடைசி அடியில் மச்சாள் வாலோடு ஓடிவந்து, மூச்சு வாங்க, கிள்ளத் தேவையில்லாத இடத்தில் கிள்ளினாள். அந்த இடத்தில் நான் போட்ட ஒரு சத்தத்தைச் சனம் கமகம் என்று நினைத்துக் கைதட்டியது.

அண்ணன் வெளிக்கிடும்போது, "நல்லாப் பாடினாய், ஆனா ஏன் ஆடு வேசம்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு ஓட்டோவில் வந்தோம். மச்சாள் முன்னமே போய்விட்டாள். மடியில் கொம்பு, கம்பி கணவரின் தோளில் குத்திக்கொண்டிருந்தது. கரையோர ரோட்டில் காற்று வந்த பிறகு கேட்டேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், எந்த இடத்தில எடுக்கிறதெண்டு?"

"நீர்தானே வீட்டில நாள் முழுக்கப் பாடினனீர்."

"அது சரி. வீட்டில ஏன் அப்பிடிப் பாக்கிறனீங்கள்? முறைக்கிறியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

"நீர் எப்பவும் பிந்தித்தான் எடுப்பீர். எழுத்து மஞ்சளாகி அரைவாசி போனாப் பிறகுதான் வாய் திறப்பீர். எனக்குப் பயம்."

"என்ன பயம்?"

"விட்டிடுவீரோ எண்டு. அண்டைக்கு விட்டிட்டுக் குசினியில நிண்டு அழுதனீர் எல்லோ."

ஓட்டோக்காரர் ஏதோ பாட்டுப் போட்டிருந்தார். எனக்கு அது காதில் ஏறவில்லை. இந்த மனிசன் தேத்தண்ணி கேட்டு வாசலில் நின்ற அந்தப் பின்னேரம்தான் ஞாபகத்தில் நின்றது. அவர் என் அழுகையைக் கண்டுதான் வந்து நின்றிருக்கிறார். கேட்க வேறு கேள்வி தெரியவில்லை. எனக்கு அவர் மேல் அப்படியொரு அன்பு வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கம்பி குத்துதோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார்.

அடுத்த ஞாயிறு மச்சாள் நீல மைக்கோடு வந்தாள். கணவர் கதிரையில் இருந்து பேப்பரை விரித்தார். பாட்டை ஓடவிட்டேன். முன்னிசை முடிகிற நேரம் பேப்பர் இறங்கியது, நான் எடுத்தேன். எக்கோ முழுக்க, மைனஸ் நாலு, அதிலெல்லாம் மாற்றமில்லை. பாட்டு முடிந்து பெட்டி கைதட்டியபோது, "அண்ணி, அறுபத்தொண்டுதான் போட்டிருக்கு" என்றாள் மச்சாள். எழுத்து ஓடின பக்கம் நான் திரும்பவே இல்லை என்று அவள் குறை சொன்னாள். அது உண்மைதான். நான் ரீவியைப் பார்க்கவில்லை.